19 வயதில் கப்பலில் போட்ட கணக்கு: யார் இந்தச் சந்திரசேகர்?

நட்சத்திரங்களுக்கும் முடிவு உண்டு. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி முடிவதில்லை. ஏன் அப்படி?

அதற்கு விடை தேடியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் அவருக்குச் சித்தப்பா.

கப்பலில் என்ன செய்தார்?

1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பயணத்தில் சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டார்!

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை அதன் ஈர்ப்புவிசையே உள்நோக்கி நசுக்கும். எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கிப் பிடித்தால், அது 'வெண் குறுமீன்' எனும் சிறிய, அடர்த்தியான நட்சத்திரமாக நிலைத்துவிடும்.

ஆனால் அந்த அழுத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று அவர் கண்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை. அதுவே 'சந்திரசேகர் எல்லை'. அதைத் தாண்டினால் தாங்காது; நட்சத்திரம் மேலும் சுருங்கும். அது நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ மாறலாம் என்பது இப்போது நமக்குத் தெரியும்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

அதுதான் இல்லை.

1935 ஜனவரி 11. லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டம். 24 வயது சந்திரசேகர் பேசி முடித்ததும், புகழ்பெற்ற விஞ்ஞானி ஆர்தர் எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் அப்படியெல்லாம் நடந்துகொள்ள இயற்கை விடாது என்று கேலி செய்தார். அரங்கில் சிரிப்பொலி.

சில முன்னணி இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். ஆனால் பெரும்பாலோர் வெளிப்படையாகப் பேசவில்லை.

பிறகு என்ன ஆனது?

அவர் சண்டை போடவில்லை, கணக்கையும் மாற்றவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939இல் தம் ஆய்வைப் புத்தகமாக்கிவிட்டு வேறு துறைக்கு மாறினார். ஒரு துறையில் பல ஆண்டு உழைப்பு, ஒரு புத்தகம், அப்புறம் அடுத்த துறை. வாழ்நாள் முழுதும் அதுவே அவர் பாணி.

எடிங்டனுடனான நட்பையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை.

1983இல் நோபெல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 73. 1995இல் காலமானார்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு நாசா ஓர் எக்ஸ்-ரே தொலைநோக்கியை விண்ணில் செலுத்தியது. கருந்துளைகளையும் வெடித்த நட்சத்திரங்களின் மிச்சத்தையும் ஆராயும் அதன் பெயர் 'சந்திரா'.