வளைகோலும் மொழியுரிமையும்: ஜெய்பால் சிங் முண்டாவின் இரு களங்கள்

முன்னுரை

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற முதல் தங்கப் பதக்கம், 1928இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கிடைத்ததாகும். அவ்வணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா (1903–1970). விளையாட்டு வரலாறு அவரைப் பெரும்பாலும் அந்த ஓராண்டோடு நிறுத்திவிடுகிறது. அரசியல் வரலாறோ அவர்தம் ஆட்டத்தை ஓர் அடைமொழியளவில் சுட்டிச் செல்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது, ஆட்டக்களத்தில் ஏற்ற பொறுப்பின் தொடர்ச்சியை அரசியல் நிர்ணய சபையிலும் காணலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆட்டக்களம்

ராஞ்சியை அடுத்த குந்தி வட்டாரத்தின் தக்ரா என்னும் சிற்றூரில் முண்டா பழங்குடியில் பிறந்தவர் ஜெய்பால் சிங். ராஞ்சியில் அவர் பயின்ற புனித பவுல் பள்ளியின் முதல்வர் காஸ்கிரேவ் பாதிரியார், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பொருளியல் பயின்ற அவர், தடுப்பாட்டக்காரராகச் சிறந்து பல்கலைக்கழகத்தின் 'புளூ' என்னும் விளையாட்டுச் சிறப்பையும் பெற்றார்.

இந்தியக் குடிமைப் பணிக்குத் (ஐ.சி.எஸ்.) தேர்வாகி இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தபோதே ஒலிம்பிக் அணியின் தலைமை அவரைத் தேடி வந்தது. விடுப்பு மறுக்கப்பட்டது, எனினும் அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார். திரும்பியபின் பயிற்சிக் காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டுமெனக் கூறப்பட்டதால் அப்பணியைத் துறந்தார். அக்காலத்தில் ஓர் இந்தியருக்கு அதனினும் உயர்ந்த அரசுப்பணி அரிது என்பதை எண்ணினால் இத்துறவின் அளவு விளங்கும்.

ஆஸ்திரியாவை 6–0, பெல்ஜியத்தை 9–0, டென்மார்க்கை 5–0, சுவிட்சர்லாந்தை 6–0 என வென்ற இந்திய அணி, மே 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3–0 என வென்றது. மொத்தம் அடித்த 29 கோல்களில் 14 தியான்சந்த் அடித்தவை. எதிரணியினர் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆயினும் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. அணி மேலாளரோடு ஏற்பட்ட பிணக்கே காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. பணியை விலையாகக் கொடுத்துப் பெற்ற தலைமை, வெற்றிநாளில் அவரிடம் இல்லை.

அவைக்களம்

பர்மா ஷெல் நிறுவனப் பணி, கோல்டுகோஸ்டில் ஆசிரியப் பணி எனப் பல நிலைகளைக் கடந்தபின், 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். 1946 டிசம்பர் 19இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, 'காட்டான்' என்னும் பொருள்படும் இழிசொல்லையே தமக்குரிய பெயராகப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க இயலாது. அதனை அவர்களிடமிருந்தே கற்க வேண்டும் என்பது அவருடைய வாதமாகும்.

1949 செப்டம்பரில் மொழிகள் பற்றிய விவாதத்தின்போது முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகியவற்றை அட்டவணையில் சேர்க்குமாறு அவர் திருத்தம் கொணர்ந்தார். இவற்றுள் முண்டாரி ஒன்றே அவருடைய தாய்மொழி. அது ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. கோண்டியும், குரூக் என வழங்கும் ஒராவோன் மொழியும் திராவிட மொழிகள். தம் மொழிக்கு மட்டும் இடம் கேளாது, பிற பழங்குடியினர் மொழிகளுக்கும் சேர்த்தே அவர் கேட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. தனியாட்டம் ஆடாது அணி முழுமைக்கும் பொறுப்பேற்கும் தலைவனின் இயல்பு அது.

அத்திருத்தம் ஏற்கப்படவில்லை. தமிழ் உள்ளிட்ட 14 மொழிகளோடு எட்டாம் அட்டவணை அமைந்தது. 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் சந்தாலி முதலிய நான்கு மொழிகளைச் சேர்த்தபோதும் அம்மூன்றும் இடம்பெறவில்லை.

முடிவுரை

அவர் தலைமையேற்ற ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பீகாரில் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. 1963இல் காங்கிரசில் இணைந்தது. ஜார்க்கண்ட் தனிமாநிலம் உருவானது 2000 நவம்பர் 15இல். அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்குப் பின்னர். தொடங்கியதை முடிவுவரை நடத்தும் வாய்ப்பு இரு களங்களிலும் அவருக்கு அமையவில்லை. எனினும் வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய வாழ்வு வரலாற்றிலிருந்து நழுவிவிடும். திராவிட மொழி உறவுகளை ஆராயும் தமிழியலாளர், தமிழின் உறவுமொழிகள் இரண்டிற்காக அவையில் வாதாடிய இந்த ஹாக்கி வீரரையும் தம் ஆய்வுப் பரப்பிற்குள் கொள்ளுதல் தகும்.