உருமிக்காரனுக்குச் சாமி வருவதில்லை

கடவுள் நம்பிக்கையைச் சந்தேகித்து எழுதுகிறவன் உருமி அடிக்கலாமா? இரண்டு தரப்பும் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். குழுவில் பம்பை அடிக்கும் தம்பி, "நீங்க எழுதுறதுக்கும் அடிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லியேண்ணே" என்பான். பகுத்தறிவு நண்பர்கள், "முருகன் இல்லைன்னு எழுதிட்டு அவருக்கே மேளமா தோழர்?" என்பார்கள். எனக்கு மேளம் தொழிலல்ல. வார இறுதிப் பழக்கம். ஆனாலும் கேள்வி நியாயமானது. வரலாற்றில் அதற்குச் சில பதில்கள் கிடைக்கின்றன.

1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அலகு, காவடி, தீமிதி ஆகியவற்றைச் சீர்திருத்தக்காரர்கள் கடுமையாகச் சாடினார்கள். அந்தச் சடங்குகளோடு ஒட்டியிருந்த மேளத்தின் மீதும் அந்த நிழல் விழுந்தது.

பறையின் கதை இன்னும் ஆழமானது. சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. "இனி அடிக்க மாட்டோம்" என்று கருவியைக் கீழே வைப்பதே அன்று சுயமரியாதை. பிற்காலத்தில் தமிழகத்தின் தலித் கலைஞர்கள் அதே பறையை எதிர்ப்பின் குரலாக மேடையேற்றினார்கள். தோலும் கட்டையும் மாறவில்லை. யார், யாருடைய விருப்பத்தின் பேரில் அடிக்கிறார் என்பது மாறியது. ஆகவே கருவிக்கென்று ஒரு மதத்தை நிரந்தரமாக எழுதிவைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, மேளம் அடித்தால் சாமி வருகிறதே, அதற்கு நான் உடந்தை இல்லையா? 1962இல் ஆண்ட்ரூ நெஹர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சீரான தாளம் மூளையின் அலைகளையே இழுத்துச் சென்றுவிடுகிறது என்று விளக்கினார். என்னைப் போன்றவர்களுக்கு வசதியான விளக்கம். சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாளத்தை வைத்துவிடலாம். 1980இல் பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஜில்பேர் ரூஜே இதை மறுத்தார். தாளம் மட்டுமே போதுமென்றால், மேளம் கேட்கும் அத்தனை பேருக்கும் அருள் வந்தாக வேண்டுமே! இசைக்கு அந்தச் சக்தியைத் தருவது சமூகம் கற்றுக்கொடுத்த நம்பிக்கை என்பது அவர் வாதம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. குழுக்களிடையே நடந்த அடிதடிகளைக் காரணம் காட்டி, 1973இல் சிங்கப்பூர் அரசு தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளைத் தடைசெய்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழிநெடுக மேளம் இல்லை. அலகு குத்தியவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ரூஜே கவனித்த இன்னொன்று எனக்கு நெருக்கமானது. அருளை வரவழைக்கும் வாத்தியக்காரர்களுக்குப் பொதுவாக அருள் வருவதில்லை. வரக்கூடாது, அது அவர்கள் வேலை. உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமலை எழுப்பும்போது என் கண் எதிரில் ஆடுகிறவரின் முழங்காலில் இருக்கும். கால் மடங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலை நிமிர்ந்தால் ஏற்ற வேண்டும். அத்தனை பேரும் கரைந்துபோகும் இடத்தில் ஒருத்தனாவது தெளிவாக நிற்கணும். பக்தியுள்ள மேளக்காரரும் அந்த நேரத்தில் அப்படித்தான் நிற்கிறார். எழுதும்போது நான் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை: மயங்காமல் பார்ப்பது.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருக்கிறேன். என் மேளத்துக்கு முன்னால் ஆடியவரை என் கட்டுரைக்கு உதாரணமாக்குவதில்லை. அவர் என்னை நம்பித்தான் கண்ணை மூடுகிறார். நம்பிக்கை என்ற கருத்தோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். அந்த அக்காவின் முழங்கால் மடங்கும்போது மட்டும் என் குச்சி தாமதிக்கக்கூடாது.