கூரையும் நடைபாதையும்

கொல்கத்தாவில் வாழும் தமிழ் நேயர்களுள் லிண்ட்சே தெருவின் நியூ மார்க்கெட்டை அறியாதார் அரியர். 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பெற்ற அச்சந்தை சிறு வணிகர் நலங் கருதி எழுந்ததன்று. பழைய கடைவீதிகளில் இந்தியரோடு நெருக்குண்டு பொருள் வாங்க விரும்பாத ஐரோப்பியருக்காகவே மாநகராட்சி அதனை அமைத்தது. அக்காலத் தலைவர் ஸ்டூவர்ட் ஹாக்கின் பெயர் 1903-இல் அதற்குச் சூட்டப்பெற்றது.

எனினும் விளைவு நோக்கத்தைக் கடந்து சென்றது. சொந்தக் கட்டடம் எழுப்பச் சிறு வியாபாரிக்கு வசதி ஏது? வாடகை செலுத்தி ரசீது பெற்றவன், மழைக்குக் கூரையும், 'இது என் இடம்' என்னும் துணிவும் பெற்றான். 1985 டிசம்பரில் தீ ஒரு பகுதியை அழித்தபோது, அப்பகுதி மீண்டும் கட்டப்பெற்றது.

ரசீது இல்லாதார் நிலை யாது? தேசப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுள் பலர் நடைபாதையில் கடை விரித்தே பிழைத்தனர். 1996 நவம்பரில் மாநில அரசும் மாநகராட்சியும் கரியாஹாட் முதலிய இடங்களில் நடைபாதைக் கடைகளை இரவோடிரவாக அகற்றின. அம்முயற்சியின் பெயரோ 'ஆபரேஷன் சன்ஷைன்'. வெயிலின் பெயரால் இருளில் நடந்த வேலை! வியாபாரிகள் சங்கம் கூடிப் போராடினர். மெல்ல மெல்ல மீண்டும் வந்தமர்ந்தனர்.

2014-இல் பாராளுமன்றம் இயற்றிய தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றலாகாது என்றது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஹாக் சந்தைக்காரன் பெற்ற ரசீதுக்கு நிகரான சான்றிதழ், 140 ஆண்டுகள் கழித்து, நடைபாதைக்காரனுக்கும் உரியதெனச் சட்ட ஏட்டில் ஏறியது.