ஏழில் ஒரு பங்கு

 அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்கே ஒன்பது ஆண்டுகள் குடைச்சல் கொடுத்த லீக் ஒன்று உண்டு: ஏ.பி.ஏ.

1967இல் 11 அணிகளோடு ஆரம்பம். தலைமை ஆணையர் ஜார்ஜ் மைக்கன், பழைய நட்சத்திர ஆட்டக்காரர், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். பழுப்புப் பந்து தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரிவதில்லை என்றார் அவர். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூவண்ணப் பந்து வந்தது. சர்க்கஸ் பந்து என்று பெரியவர்கள் கேலி பேச, பையன்கள் கடைக்குப் போய் அதையே கேட்டு வாங்கினார்கள். ஆனால் அந்த வண்ணப் பந்துக்கு உரிமை பதிவு செய்ய லீக்குக்குத் தோன்றவில்லை. லாபம் யார் யாருக்கோ போனது.

ஏ.பி.ஏ. ஆட்டத்தில் இருந்த மூன்று புள்ளிக் கோட்டை (அதற்கு வெளியிலிருந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி) அவர்களே கண்டுபிடிக்கவில்லை. நொடித்துப்போன வேறொரு லீக்கிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1976 ஜனவரியில் டென்வரில், ஆல்ஸ்டார் ஆட்டத்தின் இடைவேளையில் ‘டங்க்’ போட்டி நடத்தினார்கள். ஃப்ரீ த்ரோ கோட்டருகே எம்பிய ஜூலியஸ் எர்விங், காற்றிலேயே நடந்துபோய்ப் பந்தை வளையத்துக்குள் அறைந்தார். அரங்கம் அதிர்ந்தது. கஜானா மட்டும் காலி.

அதே ஆண்டு ஜூனில் என்.பி.ஏ.வுடன் சமரசம். நெட்ஸ், நகெட்ஸ், பேசர்ஸ், ஸ்பர்ஸ் ஆகிய நான்கு அணிகளை மட்டும் என்.பி.ஏ. சேர்த்துக்கொண்டது, அதற்கும் தலைக்கு 32 லட்சம் டாலர் கட்டணம். கட்டணம் கையைக் கடிக்கவே, நெட்ஸ் எர்விங்கையே பிலடெல்பியாவுக்கு விற்றது. வெளியே நின்ற கென்டக்கி அணியின் முதலாளி ஜான் ஒய். பிரவுன், கென்டக்கி ஃபிரைடு சிக்கனைப் பெருக்கிய வியாபாரி. முப்பது லட்சத்துக்கும் மேல் வாங்கிக்கொண்டு அணியைக் கலைத்தார். கெட்டிக்காரத்தனமான பேரம் என்றுதான் அன்று எவருக்கும் பட்டிருக்கும்.

அதேபோல் வெளியே நின்ற செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸை வைத்திருந்த ஓஸி, டேனியல் சில்னா சகோதரர்கள் ஜவுளித் தொழில்காரர்கள். 22 லட்சம் டாலரோடு அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: அந்த நான்கு அணிகளுக்கும் வரும் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, என்.பி.ஏ. இருக்கும் காலம்வரை. தொலைக்காட்சிப் பணம் அன்று சில்லறைக் காசு. எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

மூன்று புள்ளிக் கோட்டை என்.பி.ஏ. 1979இல் ஏற்றது. பிறகு மேஜிக், பேர்ட், ஜோர்டான் என்ற நட்சத்திர ஆட்டக்காரர்களின் காலம். ஒளிபரப்பு உரிமை ஏலம் எங்கேயோ போனது. ஒரு பந்துகூட ஆடாமல் சில்னாக்கள் சுமார் 30 கோடி டாலர் வாங்கிவிட்டிருந்தார்கள். அந்த ஷரத்திலிருந்து பெருமளவு விடுபட, 2014 ஜனவரியில் என்.பி.ஏ. மேலும் 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஸ்பிரிட்ஸ் என்ற பெயரில் அந்த அணி ஆடியது இரண்டே சீசன்.