நியம்கிரியில் கேட்டார்கள், அரிட்டாபட்டியில் கேட்கவில்லை

பழங்குடி மக்களின் மண்ணில் சுரங்கம் தோண்டும் முன் அவர்களிடம் கேட்க வேண்டுமா? "இதென்ன கேள்வி, கேட்கத்தான் வேண்டும்" என்போம். ஆனால் முறையாகக் கேட்டு, வந்த பதிலையும் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி என்றால் உடனே நினைவுக்கு வருவது ஒடிசாவின் நியம்கிரிதான்.

நியம்கிரி மலையுச்சியில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியம் செய்ய அதுதான் மூலப்பொருள். அங்கே வாழும் டோங்ரியா கோந்து மக்களுக்கோ அது அவர்களுடைய தெய்வமான நியம்ராஜாவின் இருப்பிடம். வேதாந்தா நிறுவனம் அடிவாரத்தில், லாஞ்சிகரில், ஆலையைக் கட்டி 2007-இல் ஓட்டவும் தொடங்கிவிட்டது. மலையைத் தோண்டத்தான் அனுமதி வரவில்லை. உலையை ஏற்றிவிட்டு அரிசிக்கு அலைந்த கதை!

2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மக்களின் உரிமைகளையும் வழிபாட்டு உரிமையையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. மலையில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருக்க, மாநில அரசு 12 கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன! 2014 ஜனவரியில் திட்டம் நிராகரிக்கப்பட்டது. மீண்டும் சபை கூட்டலாம் என்று 2016-இல் எழுந்த கோரிக்கையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, நம் ஊரில்? நிலம் எடுக்கும் முன் கிராம சபையைக் கலந்து பேசச் சொல்லும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. கொல்லிமலைக்கும் கிடையாது, சவ்வாது மலைக்கும் கிடையாது.

பழங்குடிப் பகுதியல்லாத இடத்திலும் இதே கேள்விதான். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது. எடுத்தது அதே வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். ஏலத்துக்கு முன் ஊரை யாரும் கேட்கவில்லை. கிராம சபைத் தீர்மானம், மதுரைக்கு நடைப்பயணம் என்று போராடிய பிறகே 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நியம்கிரியில் சட்டம் கேட்க வைத்தது. அரிட்டாபட்டியில் மக்கள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்த ஆளில்லாத சின்ன மலைக்கிராமத்துக்கு இதே நிலை வந்தால்? அதனால்தான் ஏலத்துக்கு முன்பே கேட்பது சட்டமாக வேண்டும் என்பது என் கருத்து.