வட்டு, தேக்கம், தொகுதி: பெருநிறுவனத் தரவுச் சேமிப்பு – ஒரு வரலாற்று நோக்கு

வங்கிக் கணக்குகளும் வைத்தியசாலைப் பதிவேடுகளும் பரீட்சைப் புள்ளிகளும் இன்று பெரும்பாலும் கணினி வட்டுகளிலேயே பேணப்படுகின்றன. ஆயின், ஒரு குறித்த பதிவு எந்த வட்டில் உள்ளது என வினவின், அதனைப் பேணும் நிறுவனத்தாராலும் எளிதில் விடை கூறல் இயலாது. சேமிப்பின் பெயருக்கும் இடத்திற்கும் இடையே முன்பு இருந்த பிணைப்பு படிப்படியாக அறுந்தமையே இதற்குக் காரணம். அவ்வரலாற்றையும் அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1956ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனம் ரமாக் 305 என்னும் கணினியை வெளியிட்டது. அதன் வட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துகளே. 1962இல் அந்நிறுவனம் கழற்றி மாற்றத்தக்க வட்டுப் பொதியை அறிமுகஞ் செய்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 கணினிகளில் இத்தகைய பொதி ‘வொலியூம்’, அதாவது தொகுதி, எனப்பட்டது. நூற்றொகுதியைக் குறிக்கும் அச்சொல்லுக்கு ஏற்ப, ஒவ்வொன்றுக்கும் ஆறெழுத்து அடையாளமும் பொருளடக்க அட்டவணையும் இருந்தன. கையால் தூக்கி அலுமாரியில் வைக்கத்தக்க பொருளாகவே அன்று தொகுதி விளங்கிற்று. ஒரு பொதி பழுதுற்றால் இழப்பு அதனோடு நின்றது. ஆனால் அதனைக் காக்கப் பிறிதொரு பொதி தானாக முன்வரவில்லை.

இந்நிலையை மாற்றிய சிந்தனை 1988இல் விரிவாக முன்வைக்கப்பட்டது. பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றன்டி காற்ஸ் ஆகியோர், விலையுயர்ந்த பெருவட்டுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என வாதிட்டனர். இடர் யாதென்பதையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு வட்டு சராசரியாக 30,000 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பழுதுறுமாயின், 100 வட்டுகளில் ஏதேனும் ஒன்று 300 மணித்தியாலங்களில், அதாவது இரு வாரங்களுக்குள், பழுதுறும். எனவே, ஏனைய வட்டுகளின் தரவுகளிலிருந்து கணித்தெடுத்த சரிபார்ப்புத் தகவலையும் உடன் வைத்தல் வேண்டும். ஒரு வட்டு இழக்கப்படினும் எஞ்சியவற்றிலிருந்து அதனை மீட்கலாம். ‘றெயிட்’ எனப் பெயர் பெற்ற முறை இதுவே. ஐ. பி. எம். நிறுவனத்தின் கென் ஊச்சி இதனையொத்த மீட்பு முறைக்கு 1978இலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தார் என்பதும் கருதத்தக்கது.

அடுத்த மாற்றம் பெயரைப் பற்றியது. 1990இல் வெளிவந்த ஐ. பி. எம். நிறுவனத்தின் ஏ. ஐ. எக்ஸ். மூன்றாம் பதிப்பு, பௌதிகத் தொகுதியை வேறாகவும் தருக்கத் தொகுதியை வேறாகவும் கொண்டது. பல வட்டுகளின் துண்டுகளைக் கோத்து ஒரே தொகுதியாகக் காட்டுதல் இதனாற் சாத்தியமாயிற்று. 1998இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் லினக்ஸ் இயக்கமுறைமைக்கும் இத்தகைய ஏற்பாட்டை எழுதினார். 2004இல் நெற்அப் நிறுவனமும் 2005இல் செட். எப். எஸ். வாயிலாகச் சன் மைக்குரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் ஒருபடி மேற்சென்று, வட்டுகளை ஒரு பொதுத் தேக்கத்தில் இட்டு, அதிலிருந்து தொகுதிகள் வேண்டிய அளவு பெறுமாறு செய்தன. ஒரு குளத்து நீரைப் பல வயல்கள் பங்கிடுவதை ஒத்தது இது. வட்டுகள் குழுக்களாகவும், குழுக்கள் தேக்கமாகவும், தேக்கம் தொகுதிகளாகவும் அமையும் அடுக்குமுறை இவ்வாறே உருவாயிற்று.

பங்கீட்டினால் வீண் குறைந்தது. ஆயின் இடரும் பொதுவாயிற்று. ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் குழுவொன்றில், முதலாவது வட்டு மீட்கப்படுமுன் இரண்டாவதும் பழுதுறின், அக்குழு அழியும். தேக்கத்தின் தொகுதிகள் எல்லாக் குழுக்களிலும் பரந்து கிடப்பின், பழுதுறாத வட்டுகளிலுள்ள தொகுதிகளும் அதனுடன் பயனற்றுப் போகும். இரு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் முறைகள் பரவியமைக்கு இவ்வச்சமே காரணமாகும். மேலும், 10 டெராபைற் கொண்ட தேக்கத்திலிருந்து 25 டெராபைற் அளவான தொகுதிகளை வாக்களிக்கும் வழக்கமும் உண்டு. எல்லோரும் ஒருங்கே தம் பங்கைக் கோரின் அவ்வாக்கு பொய்த்துவிடும்.

தொகுதி என்பது பொருளாக இருந்த நிலை மாறி இன்று வாக்குறுதியாகிவிட்டது. அலுமாரியிலுள்ள பொதியைக் கண்ணாற் கண்டு எண்ணலாம். வாக்குறுதியையோ கணக்கினாலேயே சோதித்தல் கூடும். ஆதலின், குழுவின் அளவு, தேக்கத்தின் எஞ்சிய இடம், தேக்கத்திற்கு வெளியே வைக்கப்பட்ட பிரதி ஆகிய மூன்றையும் அறியாத நிறுவனம், தன் பதிவேடுகள் பத்திரமாக உள்ளன எனக் கூறுதற்கு ஆதாரமற்றதாகும்.