மழை மேகம் மறைத்தாலும் ஏரி தெரியுமா? தொலையுணர்வுப் படங்கள்: ஒரு விளக்கம்

திருப்பதி: 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் பெய்த கனமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளக்காடாயின, சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டு ஓடியது. அடுத்த சில நாட்களில், அருகேயுள்ள ராமச்சந்திராபுரம் மண்டலத்தின் பழமையான ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டதால், தாழ்வான கிராமங்களின் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேற்றப்பட்டனர். கரை உடையாமல் தப்பியது.

இத்தகைய நாட்களில் ஏரியின் நீர் எதுவரை பரவியுள்ளது, எந்த வயல்கள் மூழ்கியுள்ளன என்பதை விண்ணிலிருந்து அறிய முடியுமா? முடியும். ஆனால், எல்லாச் செயற்கைக்கோள்களாலும் முடியாது. நாம் வழக்கமாகக் காணும் வண்ணப் படங்களை எடுக்கும் கருவிகளுக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகத்தின் மேற்புறம் மட்டுமே தெரியும்.

ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ அலைகளையோ அளந்து அதன் தன்மையை அறிவதே தொலையுணர்வு. செயற்கைக்கோள் படம் பார்வைக்குப் புகைப்படம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது எண்களால் ஆன ஓர் அட்டவணை. பச்சை இலை சிவப்பு ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது; கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. நீரோ அந்த அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் பயிர், தரிசு, நீர்நிலை ஆகியவை பிரித்தறியப்படுகின்றன. அகச்சிவப்பு அளவுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் படம் தயாரிக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய படத்தில் செழிப்பான தோட்டம் செக்கச்செவேலென்றும், ஏரி கருமையாகவும் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் காடு தீப்பற்றி எரிவதாக நினைப்பதில் வியப்பில்லை.

இந்தியாவில் இத்துறை தொடங்கியது ஒரு தென்னந்தோப்பில். 1970-ஆம் ஆண்டு விஞ்ஞானி பி.ஆர். பிஷரோட்டி தலைமையிலான குழு, கேரளத்தில் வேர்வாடல் நோய் தாக்கிய தென்னை மரங்களை ஹெலிகாப்டரில் பறந்தபடி அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவு செய்தது. 1988 மார்ச் 17 அன்று ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் இந்தியச் செயற்கைக்கோள்களின் தரவுகளைப் பெற்று வழங்குகிறது.

ஒரு படம் எவ்வளவு நுணுக்கமானது என்பதைப் பிரிதிறன் என்பர். இதைச் சென்ட் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கருவிக்குப் பிரிதிறன் 23.5 மீட்டர், அதாவது படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 13.5 சென்ட் நிலம். அதே செயற்கைக்கோளின் அவிஃப்ஸ் கருவியில் ஒரு புள்ளி முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல். லிஸ்-4 கருவியிலோ ஒரு சென்ட்டுக்கும் குறைவு. நுணுக்கம் கூடினால் ஒரே பார்வையில் அடங்கும் பரப்பு குறையும். ஆகவே அவிஃப்ஸ் 5 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்க, லிஸ்-3 கருவிக்கு 24 நாட்கள் தேவைப்படுகின்றன.

சித்தூர் மாவட்டத்தின் மாந்தோப்புகளில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பு என்றால், 13.5 சென்ட் புள்ளி ஒன்றில் ஐந்தாறு மரங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட செம்மண்ணும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். இளங்கன்றுத் தோப்பு தரிசுபோலத் தோன்றக்கூடும். சேஷாசல மலையில் ஓரிரு செம்மரங்கள் வெட்டப்பட்டாலும் இந்தப் பிரிதிறனில் தெரியாது. மேலும் செம்மரம் கோடைக்கு முன் இலையுதிர்க்கும் மரம். நவம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் அருகருகே வைத்து, காடு அழிந்துவிட்டது என்று சமூக ஊடகத்தில் எழுதுவது எளிது. ஆனால் அது தவறு. ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும்.

மேகத்தை ஊடுருவ ரேடார் வேண்டும். சூரிய ஒளிக்குக் காத்திராமல், அது தானே நுண்ணலைகளை அனுப்பி எதிரொலியை அளக்கிறது, இரவிலும் இயங்கும். அமைதியான நீர்ப்பரப்பு அந்த அலைகளைக் கண்ணாடிபோல வேறு திசையில் சிதறடித்துவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த வயல் படத்தில் கருமையாகத் தெரியும். இதிலும் ஏமாற இடமுண்டு. காற்றில் அலையடிக்கும் ஏரி வெளுத்துக் காணப்படலாம். செங்குத்தான மலைச்சரிவின் மறுபுறத்தில் விழும் ரேடார் நிழலை நீர் என்று கருதிவிடலாம். திருமலை போன்ற மலைப்பகுதியில் நில உயர வரைபடத்துடன் ஒப்பிடாமல் வெள்ள வரைபடம் தயாரிக்க முடியாது.

இவ்வகை ரேடாரைச் சுமந்த இஓஎஸ்-04 செயற்கைக்கோள் 2022 பிப்ரவரி 14 அன்றும், நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்ட பின், அந்த ஏவுதளமும் திருப்பதி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. நிசாரின் பாதை 12 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. நிலப்பரப்பு சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டறியும் திறன் அதற்கு உண்டு.

எனினும், ராயலசெருவில் நடந்தது போன்ற கசிவை இது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. சில மணி நேரத்தில் சரியும் கரைக்கு 12 நாள் இடைவெளி மிக நீண்டது. செயற்கைக்கோள் நீரின் பரப்பை அளக்கும். ஏரியின் கொள்ளளவைக் கணிக்க அதன் ஆழ அளவீடு வேண்டும். கரையின் உறுதியை அறிய ஆள் நடந்து பார்க்க வேண்டும்.

தொலையுணர்வுக்குச் செயற்கைக்கோள்தான் வேண்டும் என்பதும் இல்லை. திருப்பதி–சித்தூர் இடையே காடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் எம்எஸ்டி ரேடார், 1,024 ஆண்டெனாக்களைக் கொண்டு, தரையிலிருந்தே மேல்வானக் காற்றின் திசையையும் வேகத்தையும் அளந்து வருகிறது.

தமிழக வாசகர்களுக்கும் இப்பகுதியின் படங்கள் தேவைப்படும். சித்தூர் வழியே வரும் நீவா ஆறுதான் தமிழகத்தில் பொன்னையாறாகிப் பாலாற்றில் கலக்கிறது. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் இப்பகுதிகளின் படங்களைப் பொதுமக்களே பார்க்கலாம். அங்கு காணும் படம் இன்றைய நிலையைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எடுக்கப்பட்ட தேதியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.